நூலகர் பதில்கள்: ஆறு நூலகத்தை இணைப்பது எப்படி?

கேள்வி: ஐயா, எங்கள் தாலுகாவில் இரண்டு கிளை நூலகம், மூன்று ஊர்ப்புற நூலகம், ஒரு பகுதி நேர நூலகம் இருக்கின்றன. ஓர் ஊரில் இருக்கும் புத்தகம் அடுத்த ஊர்க்காரருக்குத் தெரிவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாலு நூலகம் ஏறி இறங்குகிறார்கள். ஆறையும் இணைத்துவிடலாம் என்று வாசகர் வட்டத்தில் பேசியிருக்கிறோம். மென்பொருள் வாங்கிக் கொடுக்க ஒரு நன்கொடையாளர் தயார். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர் வட்டச் செயலாளர், தேனி மாவட்டம்

பதில்: நன்கொடையாளரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கோஹா போன்ற நூலக மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது கடைசி வேலை.

முதலில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளின் தேவையைத் தனியாகப் பிரியுங்கள். குரூப் 4 அறிவிப்பு வந்த மறுநாள் ஆறு ஊரிலும் அதே பொது அறிவுப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள். ஒரு பிரதியை எத்தனை ஊருக்குச் சுற்ற விட்டாலும் அது ஒரு பிரதிதான். அதற்குக் கூடுதல் பிரதி வாங்குவதே வழி. நன்கொடைப் பணம் அங்கே போகட்டும். வருஷத்துக்கு ஒருவரோ இருவரோ தேடி வரும் நூலுக்குத்தான் பகிர்வு சரிப்படும்: பழைய ஊர் வரலாறு, நின்றுபோன பத்திரிகையின் பைண்டு தொகுப்பு, மறுபதிப்பே வராத சித்த மருத்துவ நூல்.

அடுத்தது பட்டியல். எல்லா நூலையும் ஏற்ற ஆரம்பித்தால் பாதியில் சலித்துப்போகும். நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்களுக்கென்று மொத்தமாக, வாங்கிய புத்தகங்கள் பெரும்பாலும் சென்னையில் தேர்வாகி மாவட்டங்களுக்கு வந்தவை. புது வரவு கிளைக்குக் கிளை பெரிதாக மாறாது. வித்தியாசம் இருப்பது பழைய இருப்பிலும் நன்கொடையிலும்தான். தமிழாசிரியர் ஒருவர் காலமானபின் பிள்ளைகள் மூட்டை கட்டி வந்து இறக்கியிருப்பார்கள் பாருங்கள், சரக்கு அதில் இருக்கும். அதை மட்டும் முதலில் எடுங்கள். பதிவேட்டைப் பார்த்து நகல் எடுக்காமல், அலமாரிக்குப் போய் நூலைக் கையில் எடுத்து எழுதுங்கள். பதிவேட்டில் இருப்பதெல்லாம் அலமாரியில் இருக்காது. தேதிச் சீட்டையும் பாருங்கள். பல வருஷமாக முத்திரை விழாமல், கட்டு குலையாமல் நிற்கும் நூலை முதல் வரியில் போடுங்கள். அதைத் தேடும் ஆள் பக்கத்து ஊரில் இருக்கலாம். ஆசிரியரின் முதலெழுத்து முன்னாலா பின்னாலா, புனைபெயரா சொந்தப் பெயரா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். இதற்கெல்லாம் ஓர் எக்செல் தாள் போதும்.

இனி, கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத விஷயம். புத்தகம் தொலைந்தால் பணம் கட்டுவது யார்? இருப்புச் சரிபார்ப்பில் குறையும் நூலுக்கு நூலகரைத்தான் கேட்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் விலை கூடிய நூல்களெல்லாம் பீரோவுக்குள் கிடந்தன, சாவி நூலகர் இடுப்பில். அவர் கருமி இல்லை. சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்ற பயம். அவரிடம் போய்ப் பகிர்வு, இணைப்பு என்று பேசினால் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகவே ஆறு நூலகரையும் கூட்டுவதற்கு முன்பே மாவட்ட நூலக அலுவலரைப் பாருங்கள். இன்னொரு நூலகத்துக்கு இரவல் போன நூலுக்கு, வாங்கிய நூலகரின் கையெழுத்தைக் காட்டினால் அது இருப்பில் உள்ளதாகவே கொள்ளப்படும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு வாங்குங்கள். அது கைக்கு வராமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

கேட்பதற்கு நியாயமும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. உங்கள் ஆறு நூலகத்துப் புத்தகமும் அதன் சொத்துதான். கிளை மாறுவதால் உடைமை மாறுவதில்லை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறீர்கள், தயங்காமல் கேளுங்கள்.

சுமப்பதற்குத் தனியாக வண்டி வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் ஊர்ப்புற நூலகர்கள் மாதக் கணக்கு கொடுக்க எப்படியும் டவுனுக்கு வந்தாக வேண்டும். அன்றைக்கு ஆளுக்கொரு துணிப்பை. அவசரக்காரர் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொள்ளட்டும். புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாலே அவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

கேள்வி: பக்கத்து மாவட்ட நூலகத்திலிருந்து புத்தகத்தைத் தபாலில் வரவழைக்க முடியுமா? செலவு கட்டுப்படியாகுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: மாவட்டம் தாண்டினால் ஆணைக்குழுவும் வேறு. இரண்டு அலுவலகமும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். செலவு பெரிதில்லை. 2025 மே மாதம் தபால் துறை புத்தகங்களுக்கென்றே ‘ஞான் போஸ்ட்’ தொடங்கியது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ என்றால் 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் மெதுவாகத்தான் வரும். நீங்கள் மன்னார்குடி என்பதால் ஒன்று: உங்கள் பக்கத்து மேலவாசலில் 1931-இலேயே கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தொடங்கி வைத்தவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன்.

கேள்வி: டெல்நெட்டில் சேர்ந்துவிட்டால் இதெல்லாம் தேவையில்லையே?
– வாசகர், விருதுநகர்

பதில்: டெல்நெட் என்ற நூலகக் கூட்டிணைப்பு 1988-இல் டில்லியில் தொடங்கியது. நூலகங்களுக்கிடையே இரவல் வாங்கித் தருவதில் பழுத்த அனுபவம் உண்டு. ஆனால் அதன் உறுப்பினர்களில் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களே அதிகம். பழைய தமிழ் நாவல் தேடுகிற ஊர்ப்புற நூலகத்துக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. மாவட்ட மைய நூலகம் மட்டும் சேர்ந்து மற்றவற்றுக்கு வாங்கித் தந்தால் போதும். பழைய தமிழ் நூல் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒருமுறை தேடிவிட்டு அப்புறம் விண்ணப்பம் எழுதுங்கள்.