இன்று ஒரு செய்தி, நாளை ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வானியல் செய்திகளை வகுப்பில் வாசித்துக்காட்டுவது என் வழக்கம். 2025 ஏப்ரலில், கே2-18பி என்ற கோளில் உயிரினம் இருப்பதற்கான தடயம் கிடைத்ததாக வந்த செய்தியைக் கேட்டு ஆர்ப்பரித்த மாணவர்கள், பிற ஆய்வாளர்கள் அதை ஐயுற்றதும், "நாளை மாற்றிச் சொல்வார்கள் என்றால் இன்று ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பூமியைத் தாக்கக்கூடும் எனப்பட்ட 2024 ஒய்ஆர்4 சிறுகோள் பற்றியும் இதே ஏளனம்தான். இனி உறுதிப்பட்டவற்றை மட்டும் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேண்டாம். உறுதிப்பட்டவை பாடநூலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை உறுதிப்படுத்திய பாடுதான் அங்கே இல்லை.

உங்கள் மாணவர் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஒரு செய்தியில் உள்ள எல்லாக் கூற்றுகளும் ஒரே அளவு உறுதியானவை என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கே2-18பி சுமார் 124 ஒளியாண்டு தொலைவில் இருப்பதையும், தன் விண்மீனை ஏறத்தாழ 33 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுவதையும் யாரும் மறுக்கவில்லை. அதன் வளிமண்டலத்தில் மீத்தேன் இருப்பதாக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவிலிருந்து 2023-இல் வந்த முடிவும் வலுவானதே. ஐயம் எழுந்தது முக்கியமாக டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவைப் பற்றித்தான். பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன என்பதால்தான் அத்தனை பரபரப்பு. அதைக் கண்டதாகச் சொன்ன கேம்பிரிட்ஜ் குழுவே, அந்தக் குறிப்பு தற்செயலாகத் தோன்றியிருக்க 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்றும், கண்டுபிடிப்பாக ஏற்க அது 0.00006 சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. தலைப்புச் செய்திகள் இந்த எண்களை விழுங்கிவிட்டன. பழியோ விஞ்ஞானிகள் தலையில் விழுந்தது. அந்த வாயு உண்மையிலேயே இருந்தாலும் உயிர் உண்டென்று ஆகிவிடாது. 67பி என்ற வால்விண்மீனிலும் அது காணப்பட்டிருக்கிறது. அங்கே எந்தக் கடலும் இல்லை.

சிறுகோளின் கதை இதைவிடச் சுவையானது; வகுப்பில் ஒரு முழுப் பாடவேளையை அதற்குக் கொடுக்கலாம். 2024 டிசம்பர் இறுதியில் கண்டறியப்பட்ட அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு, ஜனவரி இறுதியில் ஒரு சதவீதத்தைத் தாண்டி, பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதத்தைத் தொட்டு, அடுத்த சில நாட்களிலேயே ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகியது. இதைத் தடுமாற்றம் என்று உங்கள் மாணவர்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் நடந்தாக வேண்டும். சில வார அவதானிப்புகளை மட்டும் வைத்து, அந்தக் கல் அன்றைய தினம் எங்கே இருக்கும் என்று கணித்தால், கிடைப்பது ஒரு புள்ளியல்ல, மிக நீண்ட ஒரு பட்டை. பூமி அந்தப் பட்டைக்குள் ஒரு சிறு பகுதி. புதிய அவதானிப்புகள் சேரச் சேரப் பட்டை சுருங்குகிறது, பூமியின் அளவோ மாறுவதில்லை. ஆகவே பூமி பட்டைக்குள் இருக்கும் வரை அது பிடிக்கும் பங்கு கூடிக்கொண்டே போகிறது. பட்டையின் விளிம்பு பூமியைக் கடந்து சுருங்கிய கணமே வாய்ப்பு சரிந்துவிடுகிறது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் ஒன்றே: அளவீடு துல்லியமானது.

இதை நீங்களே விளக்கிவிட வேண்டாம். தேதிவாரியாக அந்தச் சதவீதங்களைக் கரும்பலகையில் எழுதி, பிப்ரவரி 18-உடன் நிறுத்திவிட்டு, அடுத்த எண் என்னவாக இருக்கும், ஏன் என்று அவர்களை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இன்னும் ஏறும் என்றே எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். மீதி எண்களைக் காட்டிய பிறகு, பட்டையை அவர்களே வரையட்டும்.