மகள் பயிர் மரபணு படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

சார், பயோடெக் படித்தால் வேலை கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதில் பாதி உண்மைதான். ஏதோ ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதியே மூன்று வருஷத்தை ஓட்டும் பிள்ளைக்குக் கஷ்டம்தான். உங்கள் மகள் கேட்பது பயிர்களின் மரபணுத் தொகுதி, அதாவது ஒரு பயிரின் மொத்த மரபணுத் தகவல், பற்றிய ஆராய்ச்சி. அது வேறு கணக்கு.

நீங்கள் கோயம்புத்தூர் என்பதால் கரும்பையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில்தான் இனிப்புக் கரும்பையும் நாணல் மாதிரி இருக்கும் காட்டுக் கரும்பையும் கலந்து, 1918-இல் கோ 205 ரகத்தை வெளியிட்டார்கள். இப்படிக் கலந்து கலந்து வந்ததால் இன்றைய கரும்பில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் நூற்றுக்கு மேல் (நமக்கு 46தான்), ஒரே மரபணுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள்கூட இருக்கும், அவையும் ஒன்றுக்கொன்று லேசாக மாறியிருக்கும். ஒரே செய்தித்தாளின் பன்னிரண்டு பதிப்புகளைக் கிழித்துக் கலந்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டச் சொன்ன மாதிரி. நெல்லின் டி.என்.ஏ. எழுத்துகளை முழுக்கப் படித்த வரிசை 2005-இலேயே வந்துவிட்டது, கரும்பில் ஆர் 570 என்ற ரகத்தின் விரிவான வரிசை 2024-இல்தான் வெளியானது. அதை வைத்து, பழுப்புத் துருநோய் என்ற பூஞ்சை நோயை அந்த ரகம் தாங்குவதற்குக் காரணமாக இருக்கக்கூடிய மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள்.

எழுத்துகளைப் படிப்பதை இன்று இயந்திரம் செய்துவிடும். எந்தப் பிரதி எந்தக் குணத்தைத் தருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும், அதில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் புள்ளியியல் வேலை. கணக்கு பிடிக்காததால்தான் பயாலஜி எடுத்தாள் என்றால், இது வேண்டாம், இப்போதே சொல்லிவிடுங்கள்.

பிடிக்கும் என்றால் என் முதல் தேர்வு பி.எஸ்சி. அக்ரி, அப்புறம் எம்.எஸ்சி.யில் பயிர் இனப்பெருக்கமும் மரபியலும். வயலைத் தெரிந்தவளுக்கு மதிப்பு அதிகம். இரண்டாம் வருஷத்திலிருந்தே லினக்ஸ் இயங்குதளமும் பைத்தான், ஆர் என்ற நிரல் மொழிகளும் பழகட்டும். பயிற்சிக்கு வேண்டிய மரபணுத் தரவுகள் அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆராய்ச்சி ஒத்துவரவில்லை என்றாலும் இந்தப் பழக்கம் விதை கம்பெனியிலும் மருத்துவ மரபணுப் பரிசோதனைக் கூடத்திலும் உதவும்.

பணம் மெதுவாகத்தான் வரும். தேர்வு எழுதிப் பெறும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பி.எச்டி.யின் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய், ஆனால் நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டலாம். வீட்டுக் கடன் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது என்றால் அதை அவளிடம் மறைக்காதீர்கள். பீஸ் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரியில் இறுதி வருஷ மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு எங்கே போகிறார்கள் என்று நேரில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.