'ரண்டாமூழம்' படம் நின்றது யாரால்?

கேள்வி: மகாபாரதத்தைப் பீமனின் பார்வையில் சொல்லும், மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் 'ரண்டாமூழம்' நாவல் 1,000 கோடி ரூபாய்ச் செலவில், மோகன்லால் பீமனாக நடிக்கப் படமாக இருந்தது. எழுத்தாளரின் பிடிவாதம்தானே அதைக் கெடுத்தது?

பதில்: இல்லை. இயக்குநர் வி.ஏ. ஸ்ரீகுமார் மேனனுடன் எம்.டி. ஒப்பந்தம் செய்துகொண்டது 2014இல். மூன்று ஆண்டுகளுக்குள் படவேலை தொடங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் திரைக்கதையை எழுதிக் கொடுத்துத் தம் பங்கை அவர் முடித்துவிட்டார். 2017இல் தொழிலதிபர் பி.ஆர். ஷெட்டியின் தயாரிப்பு என்று பெரும் அறிவிப்பு வந்ததே தவிர, படப்பிடிப்பு தொடங்கவில்லை. கெடு முடிந்து, மேலும் ஓராண்டு அவகாசமும் கடந்த பிறகே, 2018 அக்டோபரில், தமது 85ஆம் வயதில், திரைக்கதையைத் திருப்பித் தரக் கோரிக் கோழிக்கோடு முன்சீப் நீதிமன்றத்தை அவர் நாடினார். இதையா பிடிவாதம் என்கிறீர்கள்?

சினிமாவின் தாமதங்களை அறியாதவரும் அல்லர் அவர். தேசிய விருது பெற்ற 'நிர்மால்யம்' படத்தை 1973இல் இயக்கியவர். வட கேரளத்தின் வீரக் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளில் துரோகியாகவே பாடப்பட்டு வந்த சந்துவை 'ஒரு வடக்கன் வீரகாதா' படத்தின் திரைக்கதையில் நாயகனாக நிமிர்த்திக் காட்டியவர்.

வயலார் விருது பெற்ற 'ரண்டாமூழம்' நாவலில் பீமன் வாயுவின் மகன் அல்லன், பெயர் தெரியாத ஒரு காட்டுவாசியின் மகன். மகன் கடோத்கஜன் களத்தில் விழுந்தபோது தன் தரப்பினரே மகிழ்ந்ததைக் கண்ட தகப்பன். பாண்டவர்களின் இறுதிப் பயணமான மகாபிரஸ்தானத்தில் திரௌபதி தளர்ந்து விழ, மற்றவர்கள் திரும்பிப் பாராமல் நடக்க, அவளுக்காக நின்ற ஒரே ஒருவன். இந்தத் தனிமைதான் நாவலின் உயிர். ஆனால் பேசப்பட்டதெல்லாம் தொகையும் பிரம்மாண்டமும்தான். கேரளம் தவிர்த்த இடங்களில் படத்துக்கு 'மகாபாரதம்' என்றே பெயர் வைக்க எண்ணினார்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

எழுதிக் கொடுத்ததைக் காலவரம்பின்றி முடக்கிவைக்க எந்தத் தயாரிப்புக்கும் உரிமை இல்லை. அதைத் தட்டிக்கேட்க எழுத்தாளன் கையில் இருக்கும் ஒரே பிடி ஒப்பந்தத்தில் குறித்த கெடு. எம்.டி. அதைப் பயன்படுத்தினார், நம் எழுத்தாளர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதே என் விருப்பம். 2020இல் ஏற்பட்ட சமரசத்தின்படி அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க, திரைக்கதை அவரிடமே வந்து சேர்ந்தது. 2024 டிசம்பரில் அவர் மறைந்துவிட்ட நிலையில், அது படமாவதா வேண்டாமா என்பதை அவருடைய குடும்பத்தார்தான் முடிவு செய்ய வேண்டும்.