துபாயில் வீடு இருக்கு, பேங்க் கணக்கு?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறேனுங்க. துபாயில் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அங்கே குடியிருப்பு விசா இல்லை. பேங்க் கணக்கு தொடங்க முடியுமா?

பதில்: முடியுமுங்க. விசா இல்லாதவர்களுக்கும் பல பேங்குகள் சேமிப்புக் கணக்கு தருகின்றன, ஆனால் எமிரேட்ஸ் ஐடி (அங்கே குடியிருப்பவர்களுக்குத் தரும் அடையாள அட்டை) இல்லாததால் செக் புத்தகம் பொதுவாகக் கிடைக்காது, குறைந்தபட்ச இருப்பும் கூடுதலாகக் கேட்பார்கள். பாஸ்போர்ட், இங்குள்ள பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், பணம் வந்த வழிக்கு ஆதாரம் எல்லாம் வேண்டும். இதில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் வெறும் இனிஷியல் இருக்கும். பெருந்துறையில் என் மச்சான் அந்த ஒரு எழுத்துக்காக ஒன்றரை மாதம் அலைந்தார். கிளம்பும் முன்பே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள்.

அப்புறம், இங்கிருந்து பணம் அனுப்ப ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வரம்பு. வாடகைக்கு அங்கே வரி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், நீங்கள் இந்தியாவில் வசிப்பவர், இங்கே காட்டித்தான் ஆக வேண்டும். வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் வீடு, கணக்கு இரண்டையும் எழுதுங்கள். வீட்டை மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.