வாய் ஆசீர்வதிக்கிறது, வயிறு எரிகிறதே!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மேலதிகாரியிடம் என்னைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி, எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைக் கெடுத்துவிட்டார். ‘உங்களைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள்’ என்று சபையில் கேட்டதிலிருந்து தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். வாய்தான் சொல்கிறது, வயிறு எரிகிறது. இது மாய்மாலம் இல்லையா? நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. உள்ளே இல்லாததை இருப்பதுபோல மனுஷருக்குக் காட்டினால்தான் மாய்மாலம். நீங்கள் யாருக்கும் எதையும் காட்டவில்லையே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எரிகிற வயிற்றோடு, இயேசு சொன்னார் என்கிற ஒரே காரணத்துக்காக ஒன்றைச் செய்கிறீர்கள். நான் அதைக் கீழ்ப்படிதல் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் எழுதிய வசனம் லூக்கா 6:28. அங்கே ஆசீர்வதிப்பதற்கு வருகிற கிரேக்கச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘நல்லது’, ‘பேசுதல்’ என்று இரண்டு துண்டுகள் கிடைக்கும். நல்லது பேசுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று அந்த இடத்தில் இயேசு சொல்வதெல்லாம் வாயும் கையும் செய்கிற வேலைகள். மனம் குளிர்ந்த பிறகு ஆரம்பியுங்கள் என்று அவர் சொல்லவில்லை. குளிரட்டும் என்று காத்திருந்தால் நம்மில் பலர் சாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ஆசீர்வாதத்தின் பலன் நம்முடைய மனநிலையிலிருந்து வருவதில்லை. எண்ணாகமம் 6-ல் ஆசாரியர்களான ஆரோனும் அவன் குமாரரும் ஜனங்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று கர்த்தரே வார்த்தைகளைக் கொடுக்கிறார்: ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்’ என்று தொடங்கும் மூன்று வசனங்கள். அடுத்ததாக 27-ம் வசனத்தைக் கவனியுங்கள். ஆசாரியர்கள் என் நாமத்தை அவர்கள்மேல் கூறட்டும், அப்பொழுது ‘நான் அவர்களை ஆசீர்வதிப்பேன்’ என்கிறார். பெயரைக் கூறுவதோடு மனுஷனுடைய பங்கு முடிந்துவிடுகிறது. 1979-ல் எருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லறையில் இரண்டு சின்னஞ்சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. அவற்றில் கீறப்பட்டிருந்தது இந்த ஆசீர்வாதத்தின் வார்த்தைகள்தான், 2,500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அத்தனை தலைமுறையாக இதைச் சொல்லிவந்தவர்கள் எல்லாரும், எல்லா நாளும், குளிர்ந்த மனதோடுதான் சொன்னார்கள் என்று நான் நம்பவில்லை.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? உங்களால் உண்மையாகக் கேட்க முடிந்ததை மட்டும் கேளுங்கள். ‘அவரை உயர்த்தும் ஆண்டவரே’ என்று இன்றைக்கே சொல்ல வராது, சொல்லவும் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் சுகமாயிருக்கட்டும் என்று சொல்ல முடியுமா? அங்கிருந்து ஆரம்பியுங்கள். நெருங்கிய உறவினர் ஒருவர் பண விஷயத்தில் என்னை ஏமாற்றினார். முதல் சில வாரங்கள் அவர் பெயரைச் சொல்லி ‘இவரை உம்மிடம் விடுகிறேன்’ என்பதற்குமேல் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு ஒருநாள், அவருடைய தாயார் படுக்கையில் இருப்பது நினைவுக்கு வந்து, அந்த அம்மாவுக்காக ஜெபித்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது. பல மாதம் கழித்து அவர் எதிரே வந்தபோது, அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நான் நின்று, ‘அம்மா எப்படி இருக்காங்க?’ என்று கேட்டேன். பணம் திரும்பி வரவில்லை, இன்றுவரை. ஆனால் அவரை நினைத்தால் தூக்கம் போகிற நிலைமை போய்விட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆசீர்வதிப்பதால் அவர் செய்தது சரி என்றாகிவிடாது. ‘வையப்பட்டு, ஆசீர்வதிக்கிறோம்’ என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே பவுல்தான், பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது, ‘அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும்’ என்று நின்றார். அதனால் உங்கள் பக்கத்து உண்மையை ஆதாரத்தோடு எழுதி மேலதிகாரியிடம் தாராளமாகக் கொடுங்கள். கோபத்தைப் பத்துப் பேரிடம் கொட்டாமல் தேவனிடம் கொட்டுங்கள். 109-ம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள், எவ்வளவு காட்டமான வார்த்தைகளை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். (இதை வாசிக்கிற யாராவது வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். தூரத்திலிருந்தும் ஆசீர்வதிக்கலாம்.)

கேள்வி: நான் போதகர் இல்லை, சாதாரண விசுவாசி. மற்றவர்களை ஆசீர்வதிக்க எனக்கு உரிமை உண்டா? ‘சிறியவன் பெரியவனாலே ஆசீர்வதிக்கப்படுவான்’ என்று எபிரெயர் 7:7 சொல்கிறதே?

பதில்: உண்டு. அந்த வசனம், ஆபிரகாமை ஆசீர்வதித்த ஆசாரியனாகிய மெல்கிசேதேக்கு அவனைவிடப் பெரியவன் என்பதைக் காட்ட வருகிறது, உங்கள் வாயை அடைக்க அல்ல. ரூத் 2:4-ல் போவாஸ் வயலுக்கு வந்து அறுக்கிறவர்களைப் பார்த்து ‘கர்த்தர் உங்களோடே இருப்பாராக’ என்கிறான், கூலிக்கு வந்தவர்கள் முதலாளிக்கே ‘கர்த்தர் உம்மை ஆசீர்வதிப்பாராக’ என்று திருப்பிச் சொல்கிறார்கள். பஞ்சத்துக்குப் பிழைக்கவந்த 130 வயது யாக்கோபு எகிப்தின் ராஜாவான பார்வோனையே ஆசீர்வதித்தான். ஆசீர்வதியுங்கள் என்று 1 பேதுரு 3:9 சொல்வதும் விசுவாசிகள் எல்லாருக்கும்தான். ஆராதனை முடிவில் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவதற்கு உங்கள் சபையில் ஓர் ஒழுங்கு இருந்தால் அதை மதியுங்கள். தூங்கப்போகும் பிள்ளையின் தலையில் கை வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

கேள்வி: வேலை போன என் நண்பனுக்குத் தினமும் காலையில் ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இப்போதெல்லாம் அவன் பதிலே போடுவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

பதில்: அனுப்பியதில் தப்பில்லை தம்பி. ஆனால் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபம் 2:15, 16-ஐ ஒருமுறை வாசியுங்கள். உடையில்லாமல், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்கிறவர்களிடம் ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தேவையானதைக் கொடுக்காமல் அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார். உங்கள் நண்பனுக்கு இந்த மாதம் வாடகை எப்படிக் கட்டுவது என்பதே கவலையாக இருக்கலாம். நாளைக்குச் செய்தி அனுப்பாமல் போன் போட்டுப் பேசுங்கள். எடுக்காவிட்டால் நேரில் போங்கள். என்ன வேலை தேடுகிறான் என்று கேட்டு, உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் அவன் பெயரைச் சொல்லுங்கள், கையில் ஏதாவது இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள். கிளம்பும்போது அவன் தோளில் கை போட்டு, தினமும் அனுப்புகிற அந்த வரியை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.