மகள் சொன்ன 'டெமி'

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "அம்மா, நான் டெமி, ஏஸ் வட்டத்தில் வருவேன்" என்கிறாள். கேள்விப்படாத இந்தச் சொற்களை இணையத்தில் யார் கிளப்பிவிடுகிறார்கள்? நிஜமாகவே இப்படி மனிதர்கள் உண்டா?
– ஒரு தாய், மதுரை

பதில்: உண்டு அம்மா. நானும் அந்த வட்டத்தில் ஒருத்திதான். யார்மீதும் எனக்கு உடல் ஈர்ப்பு வந்ததில்லை. அதற்கு 'அசெக்ஷுவல்' என்றொரு பெயர் இருப்பதை 36 வயதில்தான் படித்தேன். அன்றிரவு தூங்கவே இல்லை. அதுவரை எனக்குத் தெரிந்தது, பள்ளிப் புத்தகத்தில் அமீபாவுக்குச் சொன்ன 'பாலிலா இனப்பெருக்கம்' மட்டும்தான். ஆங்கிலத்திலும் இதே கதை. 'அசெக்ஷுவல்' அங்கேயும் உயிரியல் பாடச் சொல்தான். அதனால்தான் 2000-இல் யாஹூவில் கூடிய ஒரு குழு, 'மனித அமீபாக்களின் புகலிடம்' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது.

மறு ஆண்டு டேவிட் ஜே என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், எங்களைப் போன்றவர்கள் கூடிப் பேச 'ஏவன்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். ஆட்கள் சேரச் சேர, பேச்சுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. 'அசெக்ஷுவல்' என்ற நீளப் பெயர் 'ஏஸ்' என்று சுருங்கியது. சீட்டுக்கட்டின் ஆஸ் அடையாளமாக ஒட்டிக்கொண்டது. 'டெமி' 2006-இல் வந்தது. பாதி என்று பொருள். மனம் ஆழமாக ஒட்டிய பிறகே ஈர்ப்பு வருகிறவர்கள் இவர்கள். "எல்லாருக்கும் அப்படித்தானே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். பழகிய பிறகே நெருங்குவது என்பது ஒருவர் எடுக்கும் முடிவு. பழகும்வரை ஈர்ப்பே எழாமலிருப்பது வேறு.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஸ்குவிஷ்'. 'கிரஷ்' போலவே ஒருவரிடம் மனம் போய் விழும், ஆனால் காதல் இருக்காது. அவருக்கு நெருங்கிய சிநேகமாகிவிட வேண்டும் என்ற தவிப்பு மட்டும். இந்தச் சொல் அன்றே கிடைத்திருந்தால், ஹாஸ்டலில் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு விலகிப்போன தோழிக்கு விளக்கியிருப்பேன்.

சங்கத் தமிழில் 'காமம்' என்ற சொல்லே காதலையும் சேர்த்துச் சுமந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இரண்டையும் பிரித்தால்தான் பேச முடியும். எனக்குக் காதல் வரும், உடலாசை வராது. காதலும் வராதவர்கள் தங்களை 'ஏரோ' என்கிறார்கள்.

சரி, மகளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டாம். 'டெமி' என்றால் அவளுக்கு என்ன அர்த்தம் என்று அவளிடமே கேளுங்கள். நாளை வேறு சொல்லுக்கு மாறினால், இன்று பொய் சொன்னாள் என்று எண்ணிவிடாதீர்கள். நானே முதல் இரண்டு வருடம் 'கிரே', அதாவது எப்போதாவது அரிதாகவே ஈர்ப்பு வருகிறவள், என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.