மொட்டைக் கடிதமும் விமானிகளின் கடிதமும்

அன்புள்ள சார்,

தன் தவறைத் தானே எழுதிக்கொடுக்கும் விமானியைத் தண்டிக்காமல் விடுவது வான்பயணம் பாதுகாப்பானதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எங்களிடமும் பாதுகாப்புப் பெட்டி உண்டு. 'எழுதுபவர் மீது எந்த நடவடிக்கையும் இல்லை' என்று அதன் மேல் ஒட்டியிருக்கிறார்கள். வருவதெல்லாம் கேன்டீன் சாம்பாரைத் திட்டும் மொட்டைக் கடிதங்கள்தான். நியர்-மிஸ், அதாவது மயிரிழையில் தப்பிய சம்பவம், ஒன்றுகூட வருவதில்லை. அது போகட்டும், தண்டனையே இல்லை என்றால் ஆட்களுக்குப் பயம் விட்டுப்போகாதா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெட்டியைத் திறப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514ஆம் எண் பயணிகள் விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்துக்கு வரும் வழியில் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. 92 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் தரையிறங்கும் பாதைக்கு அனுமதி கொடுத்ததும், இனி 1,800 அடி வரை இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். மலையைத் தாண்டும்வரை உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் வேலை என்று கட்டுப்பாட்டாளர் இருந்துவிட்டார். இருவருமே தங்கள் பக்கம் சரி என்றே நம்பினார்கள்.

விசாரணையில் வெளிவந்தது இன்னும் கொடுமை. ஆறு வாரம் முன்பு, யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை. தண்டனைப் பயமின்றிச் சொல்ல அவர்கள் நிறுவனத்துக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது, சொன்னார்கள். யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த நிறுவனத்துக்குச் செய்தி போகவில்லை.

இதன் பிறகு 1975இல் அமெரிக்க விமானத்துறையின் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. தானே களத்தில் இறங்கி, 'எங்களுக்கு எழுதுங்கள், தண்டிக்க மாட்டோம்' என்றது. லைசென்ஸைப் பறிக்கிற கையிலேயே வாக்குமூலத்தைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? விமானிகள் நம்பவில்லை. அடுத்த ஆண்டே தபால் பிரிக்கும் வேலை நாசாவிடம் போனது. நிலவுக்கு ஆள் அனுப்பியவர்களுக்கு இப்படியும் ஒரு வேலை! ஆனால் நாசாவால் யாருடைய லைசென்ஸிலும் கைவைக்க முடியாது. செலவுக்குப் பணம் எஃப்.ஏ.ஏ. தருகிறது, கடிதங்கள் நாசாவுக்குப் போகின்றன. இதுவரை பத்து லட்சத்துக்கு மேல் வந்துவிட்டன.

இவற்றை மொட்டைக் கடிதங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். படிவத்தின் தலைப்பகுதியில் பெயரும் தொலைபேசி எண்ணும் உண்டு. படிப்பவர்கள் ஓய்வுபெற்ற விமானிகள், கட்டுப்பாட்டாளர்கள் போன்ற அனுபவசாலிகள். சந்தேகம் இருந்தால் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்பார்கள். பிறகு அந்தத் தலைப்பகுதியைத் தனியே எடுத்து, தேதி முத்திரை குத்தி அவருக்கே அனுப்பிவிடுவார்கள். பெயர் இவர்களிடம் தங்குவதில்லை. கற்றுக்கொண்டதை மாதாமாதம் ஒரு சிறு இதழாக எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். எழுதியது எங்கோ போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தானே அடுத்தவர் எழுதுவார்? உங்கள் பெட்டியை பிளான்ட் மேனேஜரோ எச்.ஆரோ திறக்கிறார் என்றால், சாம்பாருக்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இன்க்ரிமென்ட்டில் கைவைக்க முடியாத ஒருவர் திறக்கட்டும். இன்னொரு யூனிட்டின் சேஃப்டி ஆபீசர், ஓய்வுபெற்ற ஃபோர்மேன், யாரானாலும் சரி.

பயம் விட்டுப்போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க ஏற்பாட்டில் சலுகை எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் கிடையாது. தெரியாமல் நடந்ததாக இருக்கவேண்டும். பத்து நாளுக்குள் எழுதியிருக்கவேண்டும். முந்தைய ஐந்தாண்டுகளில் விதிமீறல் நிரூபணமாகியிருக்கக் கூடாது. விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் இந்தக் குடை கிடையாது. எல்லாம் பொருந்தினாலும், விதியை மீறினார் என்ற தீர்ப்பு வரலாம். தண்டனை மட்டும் விலக்கப்படும்.

டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போனது. 2001இல் அங்கே கொண்டுவந்த சட்டப்படி, எழுதுபவருக்குத் தண்டனை இல்லை, எழுதாமல் மறைப்பவருக்குத்தான் தண்டனை. எழுதியவர் யார் என்பதை வெளியே சொல்லும் அதிகாரியும் குற்றவாளி. போதையில் செய்ததற்கும் நாசவேலைக்கும் விலக்கு இல்லை. அந்நாட்டுக் கட்டுப்பாட்டாளர்களிடமிருந்து அதற்கு முந்தைய ஆண்டு வந்தவை 15 அறிக்கைகள். புதிய முறையின் முதல் ஆண்டில் 980. ஒரே வருடத்தில் அவர்கள் அத்தனை அஜாக்கிரதையாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முன்பும் நடந்துகொண்டிருந்தவைதான், இப்போது காகிதத்துக்கு வந்தன. ஆகவே பயம் போகாது, எஸ். எழுதாமல் விட்டால் என்ன ஆகுமோ என்ற பயமாக மாறும், அவ்வளவுதான்.

உங்கள் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வரியில் 'எந்த நடவடிக்கையும் இல்லை' என்பது எனக்கு இடிக்கிறது. குடித்துவிட்டு கிரேன் ஓட்டியவனையும் விட்டுவிடுவார்களா? மாட்டார்கள் என்று உங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றில் பொய் என்றால் மற்றதிலும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். எதற்கு நடவடிக்கை உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்து எழுதி, மேனேஜரின் கையெழுத்தோடு ஒட்டச் சொல்லுங்கள்.